கால் மணி நேர விதி

டத்தோ கிராமாட் சாலை,
பினாங்கு.
22 மே 1988, ஞாயிறு

மதிப்புக்குரிய டாக்டர் அப்புத்துரை அவர்களுக்கு,

சிஸ்டர் அன்னமேரி எழுதுகிறேன். நீங்களும் வள்ளிநாயகி அவர்களும் மகளும் எடின்பரோவில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நினைத்துக்கொள்கிறேன்.

பதினோரு வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வார்டில் உங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் ஆங்கிலத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளிலும் “வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்றே கை ஆரம்பித்தது. எனக்கு இருப்பது வருத்தம் இல்லை, டாக்டர். கோபம். அதற்குத் தமிழ்தான் வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மாமியார் நல்லம்மா அவர்களைப் போன வியாழக்கிழமை மார்க்கெட் ஸ்திரீட்டில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். பேத்தி கம்பளித் தொப்பி போட்டு நிற்கிற படத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். துணிக்கடைக்காரருக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார். மூன்றாம் வார்டில் கூரை ஒழுகுவதை ஒருவழியாக அடைத்துவிட்டார்கள். மேட்ரன் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

கேன்டீனில் டாக்டர்கள் மேசைக்கு வெள்ளை விரிப்பு திரும்பி வந்துவிட்டது.

அதை ஜனவரி மாதம் நீங்களே உருவி, நான்காக மடித்து, கேன்டீன்காரர் கையில் கொடுத்தீர்கள். “ஒம்பது பேரும் ஒரே மேசையில சாப்பிடட்டும். சாப்பாட்டுல சேராதவங்க நோயாளி பக்கத்துல எப்படிச் சேருவாங்க?” என்றீர்கள். கோலாலம்பூரிலிருந்து மூன்று மருத்துவ மாணவர்கள், நம் பயிற்சிப் பள்ளியிலிருந்து மூன்று தாதிகள், பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பார்மசி மாணவர்கள். ஆறு வாரம் ஒரே வார்டு, ஒரே நோயாளிகள். மருத்துவ மாணவன் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிட்டான். பார்மசிப் பெண் படுக்கை விரித்தாள். தாதிப் பெண் ரவுண்டில் முன்னால் நின்று நோயாளியின் நிலையை எடுத்துச் சொன்னாள். ரவுண்டில் தாதியின் இடம் டாக்டரின் முதுகுக்குப் பின்னால், கையில் துண்டும் கிண்ணமுமாக, என்று பழகி முப்பத்தாறு வருடம் ஆனவள் நான். முதல் நாள் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கை தன்னாலேயே துண்டைத் தேடியது.

மூன்றாவது அணி ஏப்ரல் பதினோராம் தேதி வந்தது. பதினாறாம் தேதி நீங்கள் விமானம் ஏறினீர்கள். பத்தாம் நாள், ஏப்ரல் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டதோ எனக்குத் தெரியாது. நான் இதில் எழுதுவது, நானே பார்த்ததும், அங்கே நின்றவர்களைத் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்போனதும் மட்டும்.

ஏழாம் படுக்கையில் அலாவுதீன் என்பவர் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. குவீன் ஸ்திரீட் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. சர்க்கரை நோய், வலது பாதத்தில் ஆறாத புண். ஞாயிற்றுக்கிழமை சேர்த்தார்கள். திங்கட்கிழமை சர்க்கரை அதிகமாக இருந்ததால், மறுநாள் காலையிலிருந்து இன்சுலின் அளவைக் கூட்டச் சொல்லி உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் ஞானேந்திரன் எழுதினார். காலை ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குப் பசியாற வேண்டும். ஊசி போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அது நோன்பு மாதம். திங்கட்கிழமை மாலை பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவி ஹபீபா பீவி, தொட்டியில் பிளாஸ்க் கழுவிக்கொண்டே, பக்கத்தில் நின்ற நம் இரண்டாம் வருடப் பயிற்சித் தாதி டோரதியிடம் மெல்லச் சொன்னார்: “அவரு நோன்பு வச்சிருக்காரு லா, புள்ள. விடியறதுக்கு முந்தி ரெண்டு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். காலைத் தட்டைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தள்ளிவிட்டுர்றாரு. சாயங்காலம் நான் கொண்டாந்த கஞ்சியும் பலகாரமும்தான். டாக்டருங்ககிட்ட சொல்லிடாத, ஏசுவாங்க.” சொல்லாதே என்று அவர் கேட்டது, யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்ற தவிப்பில்தான். டோரதிக்கு அது புரிந்தது. வேலை மாறும்போது ஸ்டாஃப் தாதியிடம் சொன்னாள். “நாளைக்கு ரவுண்டுல சொல்லிக்கலாம்” என்று பதில் வந்தது.

செவ்வாய் காலை ஏழு இருபத்தைந்துக்கு மருந்துத் தட்டோடு ஏழாம் படுக்கை அருகில் நின்றவள் ஊசியைப் போடவில்லை. உங்கள் விதியைப் பயன்படுத்தினாள்.

ஏப்ரல் பதினொன்று காலை எட்டேகாலுக்கு, கருத்தரங்கு அறையில், கையில் நீல அட்டை நோட்டோடு நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இது நம்ம எல்லாருக்கும் பொது நோட்டு. ஒரு மருந்துல, ஒரு கட்டளையில உங்களுக்குச் சந்தேகம் வந்தா, நீங்க யாரா இருந்தாலும், கால் மணி நேரம் நிறுத்தலாம். நிறுத்தினதை இதுல எழுதுங்க. மத்தவங்களைக் கூப்பிடுங்க. கூடிப் பேசுங்க. அதுக்கப்புறம் செய்யுங்க.” முன்வரிசையில் இருந்த டோரதி எழுந்து, “பெரிய டாக்டர் சொன்ன மருந்தா இருந்தாக்கூடவா, டாக்டர்?” என்று கேட்டாள். “நான் சொன்ன மருந்தா இருந்தாக்கூட” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அவள் நோட்டில் எழுதியது: “ஏழாம் படுக்கை. இன்சுலின் நிறுத்தம் 7.25. நோயாளி நோன்பு. பசியாற மாட்டார்.” அவள் கூப்பிட்டதும் பார்மசி மாணவி நோர்மா வந்தாள். அதன் கீழே எழுதினாள்: “இந்த மருந்து மதியத்துக்கு முன்னால் வேகம் பிடிக்கும். இரவு ஏழரை வரை வெறும் வயிறு. அளவும் கூடியிருக்கிறது. கொடுக்கக் கூடாது.” மருத்துவ மாணவன் குகதாசன் பக்கத்துப் படுக்கைக்காரரை விசாரித்தான். நேற்றைய தட்டைத் தானே சாப்பிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். அதையும் எழுதி, “ஒத்துக்கொள்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டான். பச்சை மை. மூன்று தொழில், மூன்று கையெழுத்து, பன்னிரண்டு நிமிடம். நீங்கள் எதற்காக அந்தப் பயிற்சியை ஆரம்பித்தீர்களோ அது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்தது.

ஏழு நாற்பதுக்கு டாக்டர் ஞானேந்திரன் ரவுண்டுக்கு வந்தார். ஊசி ஏன் போடவில்லை என்று கேட்டார். டோரதி காரணத்தைச் சொன்னாள். “யார் உன்னை நிறுத்தச் சொன்னது?” என்றார். அவள் நோட்டை நீட்டினாள். திறக்கவில்லை. “இதென்ன, ஸ்கூல் பிள்ளைங்க எக்சசைஸ் புக்கா?” என்று சொல்லி அதை ஜன்னல் கட்டையில் போட்டார். பிறகு அலாவுதீனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார். படுக்கையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் இடுப்பில் கை வைத்துக் கேட்கிறார். அந்த மனிதர் சாப்பிட்டாச்சு என்றுதான் சொன்னார். வேறு என்ன சொல்லுவார்?

பயிற்சி ஹவுஸ்மேன் டாக்டர் ஏழு ஐம்பதுக்கு ஊசி போட்டார். நோர்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ மருந்து எண்ணுற வேலையைப் பாரு” என்றார் பெரிய டாக்டர். குகதாசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டோரதிக்குத் தண்டனை, துணி அறையில் போர்வை அடுக்குவது. இதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை, டாக்டர். அந்த நோயாளி வெறும் வயிறு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே தாதியை வார்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்குத் தேநீர் வண்டி வந்தபோது அலாவுதீன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று வண்டி நகர்ந்துவிட்டது. பத்து ஐம்பதுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் கத்தினார். போர்வை ஈரமாகிற அளவுக்கு வியர்வை. கை கால் வெட்டி இழுக்கிறது. முதல் வருட மாணவிகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு ஓடினேன். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். உயிர் பிழைத்தது; மூளை பழைய நிலைக்கு வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலாவுதீன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மனைவியைத் தன் அக்காள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கை மட்டும் மடியில் இல்லாத துணியை முழம் போட்டு அளந்துகொண்டே இருக்கிறது. ஹபீபா பீவி எனக்குப் பலகாரம் வைத்துவிட்டு, “அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, சிஸ்டர்?” என்று கேட்டார். முதலில் அதைத்தான் கேட்டார்.

ஆகியிருக்கிறது. டோரதி மேல் மூன்று குற்றச்சாட்டு. டாக்டரின் கட்டளையை அதிகாரம் இல்லாமல் தாமதப்படுத்தினாள். நோயாளியைப் பற்றிய செய்தியைப் படுக்கையில் தொங்கும் குறிப்புத் தாளில் எழுதாமல், ஆஸ்பத்திரிப் பதிவில் இல்லாத ஒரு நோட்டில் எழுதினாள். அதனால் டாக்டருக்குத் தெரியாமல் போயிற்று. மூன்றாவதைப் படித்தபோது எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவள் வாயால் சொன்னது கணக்கில் இல்லை; எதைத் திறக்க மறுத்தாரோ அதில் இருந்ததனால் அவருக்குத் தெரியாமல் போனதாம்!

மே ஒன்பதாம் தேதி நிர்வாகக் குழு முன்னால் முதல் விசாரணை. நோர்மாவை மருந்தைப் பற்றி மட்டும் பேசச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். குகதாசன் கோலாலம்பூரிலிருந்து, தான் பார்வையாளராக மட்டுமே இருந்ததாக எழுதி அனுப்பிவிட்டான். பச்சை மையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களுக்குப் பரீட்சை பயம். என்னையும் கூப்பிட்டார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னேன். டோரதியின் சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜூலை நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு இறுதி விசாரணை. அன்றைக்குத் தீர்ப்பு அவளுக்கு எதிராக வந்தால் இந்த நாட்டில் எந்தத் தாதிப் பள்ளியும் அவளைச் சேர்க்காது.

போன ஞாயிறு ஃபெரி ஏறி, பஸ் மாறி, ஜுருவுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா பாக்கியசாமி கார்ப் பட்டறையில் பிரேக் பார்க்கிறவர். கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “சிஸ்டர், எங்க பட்டறையில நேத்து சேர்ந்தவன் வந்து காரு பிரேக் சரியில்லன்னு சொன்னாலும் முதலாளி கரேத்தாவை வெளிய விடமாட்டாரு லா. திரும்ப ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்ப்பாரு. இருந்தா இருக்கு, இல்லாட்டி அவனை ரெண்டு ஏச்சு ஏசிட்டு அனுப்புவாரு. அதுக்காக வேலையைவிட்டுத் தூக்க மாட்டாரு. உங்க இடத்துல படிச்சவங்கதானே இருக்காங்க?” என்றார். பஸ் நேரத்தைக் கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

டோரதி காபி கொண்டுவந்து வைத்தாள். இளைத்திருக்கிறாள். தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம், மனுப் போட்டிருக்கிறாளாம். கிளம்பும்போது வாசல்வரை வந்து, “நான் தப்புப் பண்ணல, சிஸ்டர். ஆனா இனிமே எங்க வேலை பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டேன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

நிர்வாகக் குழு கேட்பது ஒன்றே: அப்படி ஒரு விதி இருந்ததா? எழுத்தில் இல்லை. ஜனவரியிலேயே உங்களிடம் கேட்டேன், எழுதிவைத்துவிடலாமா என்று. “எழுதினா கமிட்டி ஆயிரம் கேள்வி கேட்கும், சிஸ்டர். முதல்ல நடத்திக் காட்டுவோம்” என்றீர்கள். நடத்திக் காட்டியவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் நியாயமானவர் என்று எனக்குத் தெரியும். அந்த விதி உங்களுடையது, ஏப்ரல் பதினொன்றில் மாணவர்களுக்கு நீங்களே சொன்னது என்று குழுவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஜூலை நான்குக்குள் வந்து சேர வேண்டும்.

உங்கள் மூவருக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்னமேரி


டத்தோ கிராமாட் சாலை,
பினாங்கு.
19 ஜூன் 1988, ஞாயிறு

மதிப்புக்குரிய டாக்டர் அப்புத்துரை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததில் சந்தோஷம். உங்கள் மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நீங்கள் அனுப்பிய நற்சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. டோரதி கடமை உணர்வும் பணிவும் உள்ளவள், நேரம் தவறாதவள், நல்ல குடும்பத்துப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் நேரத்துக்கு வந்தாளா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பணிவு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிவாக ஊசியைப் போட்டிருந்தால் அவள் இன்று வார்டில் இருப்பாள்.

“எழுத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, என் இடத்தில் இருப்பவருக்கு எதிராக நான் கருத்துச் சொல்வது முறையாகாது” என்று எழுதியிருக்கிறீர்கள். கருத்து யார் கேட்டது, டாக்டர்? நடந்ததா இல்லையா என்பதைத்தான் கேட்டேன். உங்கள் படிப்பு விடுப்பைக் கொடுத்தது நிர்வாகக் குழு. திரும்பி வந்தால் உட்காரப்போகும் நாற்காலியைக் கொடுப்பதும் அதே குழு. எனக்கு அது புரியாமல் இல்லை. புரிகிறது என்பதனால் கோபம் குறையவில்லை.

உங்கள் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. செப்டம்பரில் அங்கே நடக்கும் மாநாட்டில் நீங்கள் பேசப்போவதன் சுருக்கம். பல நாட்டு டாக்டர்கள் வருகிறார்களாம். நான் படித்தால் மகிழ்வேன் என்று ஓரத்தில் உங்கள் கையாலேயே குறிப்பு எழுதி, கீழே பெயரின் முதலெழுத்தையும் போட்டிருக்கிறீர்கள். படித்தேன். பினாங்கில் மூன்று தொழில் மாணவர்களை ஒன்றாகப் பயிற்றுவித்த அனுபவம். முதல் பத்தியில் கேன்டீன் விரிப்பு. இரண்டாம் பத்தியில் பொது நோட்டு. மூன்றாம் பத்தியை இங்கே தமிழில் தருகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்: “மிக இளைய மாணவருக்கும் எந்தக் கட்டளையையும் கால் மணி நேரம் நிறுத்திவைக்கும் உரிமை தரப்பட்டது. இது என்னுடைய கட்டளைகளுக்கும் பொருந்தும் என்று நானே அறிவித்தேன்.”

அந்தத் தாளையும் உங்கள் கடிதத்தையும் அருகருகே வைத்து மறுபடி படித்தேன். எடின்பரோ மண்டபத்தில் கைதட்டு வாங்கும்போது அந்த விதி இருக்கிறது. பினாங்கில் ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது எழுத்தில் இல்லாத ஒன்று. அலாவுதீனைப் பற்றிச் சுருக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. டோரதியின் பெயர் இல்லை. விதியை உங்களிடம் கேட்டுத் தெளிந்து, பயந்துகொண்டே நடத்திக் காட்டியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே அதைப் பேசியதோடு சரி.

உங்களை ஏசிவிட்டு நான் நல்லவளாக நின்றுகொள்ள முடியாது. போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். முதல் விசாரணையில் கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? கேட்டது என்ன, சொன்னது என்ன என்று எழுதவில்லை. குழுத் தலைவர் கேட்டார்: “அப்படி எழுத்துமூலமான விதி ஏதாவது உண்டா, சிஸ்டர்?” நான் சொன்னேன்: “இல்லை, சார்.” “நன்றி, போகலாம்” என்றார். போய்விட்டேன். டோரதி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வாயால் சொன்ன விதி உண்டு, என் காதால் கேட்டேன், நானும் அந்த அறையில் இருந்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தலைவர் அதைக் கேட்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் என்னைப் பழக்கியது அப்படி: கேட்டதற்கு மட்டும் பதில், நின்றுகொண்டு, சார் போட்டு. நானும் இருபது வருடமாகப் பெண்களை அப்படித்தான் பழக்கினேன். இந்த வழக்கத்தை உடைக்கத்தான் உங்கள் பயிற்சி என்று வாய் கிழியப் பேசினேன். பயிற்சியில் தேறாதவள் நான்தான். பொய் சொல்லாமலே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்கலாம் என்று அந்தப் படிக்கட்டில் தெரிந்துகொண்டேன்.

படி திரும்பி ஏறினேனா என்று கேட்பீர்கள். ஏறவில்லை. அதனால்தான் ஜுருவுக்குப் போனேன். பாக்கியசாமி கேட்டபோது நான் பேச்சை மாற்றியதும் அதனால்தான். நேற்று மறுபடி போய், நடந்ததை அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். பாக்கியசாமி கை துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தார். பிறகு, “இப்பவாவது சொன்னீங்களே” என்றார். டோரதி, “எனக்கு அன்னிக்கே தெரியும், சிஸ்டர். அவங்க கேக்கல, நீங்க சொல்லல” என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். இருபது வயதுப் பெண் அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு நம் ஆஸ்பத்திரி அவளைப் பயிற்றுவித்திருக்கிறது.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்ய விருப்பமில்லை.

ஜூலை நான்காம் தேதி பத்து மணிக்கு அந்த அறைக்குள் போவேன். என்னைக் கூப்பிடுவார்களா என்று தெரியாது; கூப்பிடாவிட்டாலும் போவேன். யாரும் கேட்பதற்கு முன்னால் பேசுவேன். முதலில் நான் மே ஒன்பதில் விட்டதைச் சொல்வேன். பிறகு நீல அட்டை நோட்டைத் திறந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அது அவர்கள் மேசையிலேயேதான் கிடக்கிறது. நோர்மாவும் வருகிறாள். இந்த முறை மருந்தைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய விரிவுரையாளர் வேண்டாம் என்று தடுத்தாராம். “பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தானே, சிஸ்டர்” என்றாள். ஹபீபா பீவியை உள்ளே விட மாட்டார்கள். ஆனாலும் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பேன் என்கிறார், அலாவுதீனையும் அழைத்துக்கொண்டு. டாக்டர் ஞானேந்திரன் உள்ளே போகும்போது அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியாக உங்கள் மாநாட்டுச் சுருக்கத்தைத் தலைவர் முன்னால் வைப்பேன். ஓரத்தில் உங்கள் கையெழுத்துக் குறிப்போடு.

இதனால் என்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்று மேட்ரன் நல்ல மனதோடு எச்சரித்தார். ஓய்வுபெற எனக்கு எட்டு மாதம் இருக்கிறது. வரட்டும்.

தாளை வைத்ததும் அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். மாநாட்டுப் பேச்சில் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன், அப்படிக் கறாரான விதி இல்லை என்று நீங்கள் பதில் அனுப்பினால் எல்லாம் முடிந்தது. டோரதி தொழிற்சாலைக்குப் போவாள். அவளோடு படித்த பெண்கள் எல்லாரும், இனிவரும் பெண்களும், ஊசியை எடுத்துச் சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தியும் நிறுத்த மாட்டாள். யாரும் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதற்குப் பதில் ஒரு தந்தி போதும். தலைவர் பெயருக்கு. “விதி என்னுடையது. அப்புத்துரை.” வேறு எதுவும் வேண்டாம். அவளைப் புகழ வேண்டாம், அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

சந்தேகம் வந்தால் நிறுத்தி யோசிக்க எங்களுக்குக் கால் மணி நேரம் கொடுத்தீர்கள். இன்றிலிருந்து ஜூலை நான்குக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. உங்களுக்கு அதை நான் தருகிறேன்.

எழுதியதில் மரியாதை குறைந்திருந்தால் மன்னியுங்கள். “பெரிய டாக்டர் சொன்னாக்கூடவா?” என்று கேட்டவளுக்கு, “நான் சொன்னாக்கூட” என்று பதில் சொன்ன மனிதருக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் இன்னும் இருக்கிறார் என்று நம்பித்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

ஆண்டவர் உங்களுக்கும் வள்ளிநாயகி அவர்களுக்கும் குழந்தைக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். எந்த மனிதரும் ஒருநாள் படுக்கையில் கிடக்கத்தான் வேண்டும். உங்களுக்கு அந்த நாள் எந்த ஊரில் வந்தாலும், ஊசியோடு உங்கள் பக்கத்தில் நிற்கிற பெண் வாய் திறக்கிறவளாக இருக்கட்டும்.

அன்புடன்,
அன்னமேரி